மூன்றரை வயதுக் கைக்கு எந்தக் கல்?

போன வாரம் ஓர் அக்கா போன் செய்தார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் அங்கன்வாடி டீச்சர் (ஆந்திராச் சித்தூர் அல்ல, நம் சித்தூர்). "அம்மிணி, போன வருஷம் நீ பிள்ளைங்களுக்குக் கல்லு வச்சு ஒரு வாரம் என்னமோ பண்ணுனியாமே. எனக்கும் ஒரு அஞ்சு நாளைக்குப் பண்ணோணும். எதைப் பண்ணட்டும், எதை உடட்டும்?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வேறு யாருக்காவது பயன்படும்.

எங்கள் நர்சரி கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கிறது. 18 பிள்ளைகள், மூன்றரை வயதிலிருந்து ஐந்து வரை. நானும் ஓர் ஆயாவும். பாதிக்கு மேல் வீட்டில் தமிழ், மீதி மலையாளம். கொழிஞ்சாம்பாறை, மேனோன்பாறை என்று ஊர்ப் பேரிலேயே பாறை இருக்கிற இடத்தில் கல்லுக்கா பஞ்சம்? இருந்தும், முதலில் நாங்கள் செய்தது கல்லைக் காசு கொடுத்து வாங்கியதுதான்.

அந்த கிட் 650 ரூபாய். பெட்டிக்குள் குழி குழியாக 20 கல், ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில் பெயர். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் 20 கல்லையும் பாலிஷ் போட்டு ஒரே மாதிரி வழவழப்பாக்கியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எல்லாம் ஒரே கல். சொரசொரப்பு, கனம், உடைந்த ஓரம் என்று கை கண்டுபிடிக்க வேண்டிய எதுவும் மிச்சமில்லை. நிறமும் எல்லாம் சொந்த நிறம் இல்லை. இப்படி விற்கும் அகேட் கற்களில் சாயம் ஏற்றியது நிறைய உண்டு. இதெல்லாம்கூடப் போகட்டும். இரண்டாம் நாள் ஒரு பையன் பச்சைக் கல்லை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டான். நல்ல வேளை, கன்னத்தில்தான் ஒதுக்கி வைத்திருந்தான். ஆயா விரலை விட்டு எடுத்துவிட்டார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் தொண்டையில் சிக்குமா என்று பார்க்க, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நம் பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர். அந்தக் காசைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டைக்குள் போகிற எதுவும் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதற்கும் மேலே போய், பிள்ளையின் பொத்திய கைக்குள் முழுசாக மறைகிற கல் வகுப்பறைக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தோம். கிட் அன்றே அலமாரி மேல் தட்டுக்குப் போய்விட்டது. அஞ்சாங்கல், பல்லாங்குழி ஆட்டங்களும் இதனால்தான் அடிபட்டுப் போயின. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அஞ்சாங்கல் பிடிக்க ஆறேழு வயதாவது ஆக வேண்டும், சோழியும் புளியங்கொட்டையும் மூக்குக்குள் போகிற சைஸ்.

அடுத்தது பெயின்ட். கல் என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். கூழாங்கல்லில் பெயின்ட் அடித்து வண்டு, மீன், ஆமை. பெற்றோருக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு ஒரு சாமான் வருகிறது, வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம். நானும் செய்தேன். முடித்த பிறகு மேஜையில் 18 வண்டு இருந்தது, கல் ஒன்றுகூட இல்லை. மூடி வைத்த பிறகு கல்லைப் பற்றிப் பிள்ளை என்ன தெரிந்துகொள்ளும்? அது வண்ணம் தீட்டும் பாடம், கல் பாடம் இல்லை. அக்கா, பெற்றோர் நச்சரித்தால் கடைசி நாள் வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் கலர் போதும். கழுவினால் கல் திரும்பக் கிடைக்கும்.

பெயின்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீரும் பிரஷும் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வாசற்படி கருங்கல். காலை பத்தரை மணி வெயிலில் சுட ஆரம்பித்திருக்கும். தண்ணீரில் பிரஷை முக்கிப் படியில் கோடு இழுத்தால் கன்னங்கரேலென்று விழும். அப்புறம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகும். நிழல் விழும் படியில் அதே கோடு ரொம்ப நேரம் நிற்கும். "என்ர பூனைய வெயிலு தின்னுருச்சு" என்று ஒருத்தி வந்து புகார் சொன்னாள். செலவு பூஜ்யம். ஆனால் ஜனவரி, பிப்ரவரியோடு சரி. மார்ச் மாதப் பாலக்காட்டு வெயிலில் அந்தப் படியில் கை வைக்க முடியாது.

வினிகர் சோதனை பற்றியும் அக்கா கேட்டார். சுண்ணாம்புக் கல்லில் வினிகர் விட்டால் புஸ்ஸென்று நுரைக்கும், கருங்கல்லில் ஒன்றும் நடக்காது. படங்களில் பார்க்க ஜோராக இருக்கிறது. எங்களிடம் கைவசம் சுண்ணாம்புக் கல் இல்லையே என்று நான் போர்டில் எழுதும் சாக்பீஸை எடுத்தேன். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "இப்ப பாருங்க, பாருங்க" என்று பில்டப் எல்லாம் கொடுத்து ஊற்றினேன். சாக்பீஸ் நனைந்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், நான் சாக்பீஸைப் பார்த்தேன். இப்போது வரும் சாக்பீஸில் நிறைய ஜிப்சம். அது கால்சியம் சல்பேட், வினிகருக்கு அசையாது. நுரைப்பது கால்சியம் கார்பனேட். கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியே வருவதைத்தான் நாம் நுரையாகப் பார்க்கிறோம். கடைசியில் சத்துணவுக்கு அவித்த முட்டையின் ஓடு மானத்தைக் காப்பாற்றியது. கிளிஞ்சலும் நன்றாக நுரைக்கும். வாளையார் சிமென்ட் ஆலைக்குப் பண்டாரத்து மலையிலிருந்து எடுத்து வந்தது சுண்ணாம்புக் கல்தான். அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்கி வையுங்கள்.

ஆனாலும் இதில் என் மனம் ஒட்டவில்லை. டீச்சர் ஊற்றுகிறார், பிள்ளை பார்க்கிறது. வினிகர் கண்ணில் பட்டால் எரியும் என்பதால் அவர்கள் கையில் கொடுக்க முடியாது. இரண்டு நிமிட மாயாஜாலம். ஆறு வயதுக்கு மேல் அருமையான பாடம், நமக்கு வேண்டாம்.

கடலை மிட்டாயை வைத்துப் பாறை உருவாவதைச் சொல்லலாம் என்று ஒரு யோசனை இருந்தது. வெல்லப்பாகு சிமென்ட், கடலை கூழாங்கல். பெரியவர்களுக்குப் பளிச்சென்று புரிகிற உவமை. நாலு வயதுப் பிள்ளைக்கு அது கடலை மிட்டாய். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருந்தால் ஆபத்து வேறு. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்ற பெயர்களை இந்த வயதில் சொல்லவே வேண்டாம் என்பது என் கட்சி. கருங்கல், கூழாங்கல், வெட்டுகல் (செம்புறாங்கல்): இந்த மூன்றும் கைக்கும் வாய்க்கும் வந்தால் போதும். மலையாளப் பிள்ளைகள் கரிங்கல்லு, உருளன் கல்லு என்பார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், அவர்களே பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

குவாரிக்குக் கூட்டிப் போகலாமா என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். தூசி, லாரி, கைவிட்ட குழிகளில் ஆழம் தெரியாத தண்ணீர். ஆற்றுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. சித்தூர்ப்புழையில் கணுக்கால் அளவுதானே ஓடுகிறது என்று தோன்றும். மேலே ஆழியாறு அணையிலிருந்து தண்ணீர் விட்டால் நிலைமையே வேறு. நானும் ஆயாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு வாளி கூழாங்கல் மட்டும் பொறுக்கி வந்தோம். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத்துக்கு மேல், தேங்காய்க்குக் கீழ்.

சரி, எதைச் செய்யலாம் என்பதற்கு வருகிறேன். என் கணக்கில் இரண்டுதான் நின்றன: தண்ணீர்த் தொட்டியும் அம்மியும்.

தொட்டிக்கு வேண்டியது துணி அலசும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப், அதில் நாலு விரல் தண்ணீர், 25 கல். ஆறு பிள்ளைகள் சுற்றி உட்காரலாம். சும்மா கழுவச் சொன்னாலே அரை மணி நேரம் ஓடும். காய்ந்தபோது எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நனைந்ததும் ஒன்று பச்சை கலந்த கறுப்பு, ஒன்று ரோஸ், ஒன்றில் வெள்ளை வரி. கல்லின் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம்தான் வெளிச்சத்தைச் சிதறடித்து வெளுப்பாகக் காட்டுகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பியதும் உள்நிறம் தெரிகிறது. பிள்ளைகளிடம் இதை விளக்கவில்லை. "காஞ்சா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் காய்கிற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரி ஓடுகிற கல் எங்கள் பக்கம் நிறைய. நைஸ் என்று சொல்லும் பாறை. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்னும் தாதுக்கள் வெள்ளை வரி, பயோடைட், ஹார்ன்பிளெண்ட் என்னும் தாதுக்கள் கறுப்பு வரி. பூமிக்குள் ஆழத்தில் வெந்து நசுங்கி ஐம்பது கோடி வருஷத்துக்கும் மேல் ஆன கல். பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் அணில் கல்லு. இனி எங்கள் நர்சரியில் அதுதான் பேர். பயோடைட் என்பது காக்காப்பொன் வகை, வெயிலில் திருப்பினால் மினுங்கும். மினுங்குவதைப் பார்க்கட்டும், நகத்தால் உரிக்க விடாதீர்கள், செதில் விரலில் ஏறும்.

இனி வெட்டுகல்லுக்கு வருகிறேன். எங்கள் சித்தூர் தாலுகா கிழக்கே கரிசல் மண், மழையும் குறைவு. வெட்டுகல் மேற்கே ஒற்றப்பாலம் பக்கமிருந்து லாரியில் வருவது. மதில் கட்டியது போக மிச்சம் எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு கிடக்கும். ஒரு துண்டும், அதே அளவில் கருங்கல் ஒன்றும், கூழாங்கல் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். கூழாங்கல்லைப் போட்டோம், சும்மா கிடந்தது. கருங்கல், அதுவும் சும்மா. வெட்டுகல்லைப் போட்டதும் அதன் துளைகளிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழ் ஏற ஆரம்பித்தது. முதலில் வரிசையாக, அப்புறம் அங்கொன்று இங்கொன்று. கிண்ணத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், கல்லு மூச்சு உடுது."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? துளைக்குள் இருந்த காற்றைத் தண்ணீர் தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் பாறை மக்கி, சிலிக்கா கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் தங்கி உண்டான கல் அது. சிவப்பு இரும்பின் துரு. வெட்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப் பட்டால் இறுகும். மலப்புறம் ஜில்லா அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்துவிட்டுத்தான் பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வந்த தன் பயணக் குறிப்பில், லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லை எடுத்து லேட்டரைட் என்று எழுதினார். உலகம் முழுக்க அந்தப் பேர் நம் ஊர் மதில் கல்லிலிருந்து போனது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? குமிழ் நின்றதும் "செத்துப் போச்சா?" என்று கேட்டார்கள். எடுத்து வெயிலில் வைத்தோம். மறுநாள் காய்ந்ததும் மறுபடி போட்டோம், மறுபடி மூச்சு விட்டது. ஒரே நிம்மதி.

மிதக்கும் கல் வைக்கலாமா என்றும் அக்கா கேட்டார். ராமேஸ்வரத்தில் தொட்டியில் விட்டுக் காட்டுவார்களே, அது மாதிரி. ஃபேன்ஸி ஸ்டோரில் கால் தேய்க்கிற கல் என்று விற்பது எல்லாம் மிதக்கும் எரிமலைக் கல் இல்லை, செயற்கையாகச் செய்ததும் உண்டு. கிடைத்து, மிதந்தால் தொட்டியில் போடுங்கள். தேடி அலைய வேண்டாம்.

தொட்டியோடு சேர்ந்தே 'என்ர கல்லு' விளையாட்டு. ஆளுக்கு ஒரு கல் எடுத்து ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் கூடையில் போட்டு, மறுநாள் துண்டு போர்த்தி, கையை மட்டும் உள்ளே விட்டுத் தன் கல்லை எடுக்க வேண்டும். 18-இல் 14 பேர் சரியாக எடுத்தார்கள். ஓட்டை இருந்தது, மூக்கு இருந்தது, 'குட்டித் தொப்பை' இருந்தது என்று அடையாளம் சொன்னார்கள். இதற்குப் பாலிஷ் போட்ட கல் உதவவே உதவாது.

அம்மி வேறு கதை. தொட்டியைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் தொல்லையும் அதில்தான் அதிகம், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

ஆயா வீட்டுப் பழைய அம்மியைத் தூக்கி வந்தோம். நடுவில் குழிந்து, கண்ணாடி மாதிரி வழுக்கிக் கிடந்தது. அவர் மாமியார் அரைத்து அரைத்துத் தேய்ந்தது. ஊறவைத்த பச்சரிசியை வைத்து இழுத்தால் அரிசி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மசிகிற வழியே இல்லை. அம்மி கொத்தணுமா என்று தெருவில் கூவி வருகிறவர்கள் இப்போது வருவதில்லை. பக்கத்தில் கல் வேலை செய்கிற பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். 150 ரூபாய் கேட்டார். பிள்ளைகளைப் பத்தடி தள்ளி உட்கார வைத்து, அம்மியை நனைத்துவிட்டு (தூசி பறக்காது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது) உளியால் பொட்டுப் பொட்டாகக் கொத்தினார். டக்டக்டக். கல்லைவிட உளிதான் பலம் என்று ஒரு பையன் தீர்ப்புச் சொன்னான். பெரியவர் சிரித்துக்கொண்டே மழுங்கிய உளி முனையைக் காட்டினார். அதைவிட நல்ல பாடம் என்னால் எடுக்க முடியாது.

கொத்திய அம்மியில் உடனே அரைத்துவிடாதீர்கள். கல் பொடி வரும். நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று தடவை கொஞ்சம் அரிசியை அரைத்து வழித்துக் கொட்டிவிட வேண்டும். அப்புறம்தான் பிள்ளைகள் கைக்கு. பெரிய குழவி அவர்களால் ஆகாது, சின்னக் குழவி ஒன்று தனியாகத் தேட வேண்டியிருந்தது. ஒரு சமயம் இரண்டே பேர், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கை குழவியின் இரண்டு முனையிலும் மேலாக. விரல் கீழே போனால் நசுங்கும். முதல் இழுப்பில் கரகரவென்று சத்தம், உள்ளங்கையெல்லாம் அதிர்வு. தண்ணீர் தெளித்துத் தெளித்து இழுக்க, சத்தம் அடங்கி, வெள்ளையாக மசிந்து வரும். அந்த மாவைத் துணியில் நனைத்து வாசலில் கோலம். பிள்ளைகள் போட்டது கோலமா என்று கேட்கக்கூடாது.

ஒருத்தி குழவியை விட்டுவிட்டு அம்மியின் பழைய குழியில் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய்த் தொட்டியிலிருந்து தன் கூழாங்கல்லை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் வழவழ. இதை யார் தேய்த்தது, அதை யார் தேய்த்தது என்று ஆயா கேட்டார். "இது பாட்டி, இது தண்ணி" என்றாள். நான் ஐந்து நாளைக்கு எழுதி வைத்திருந்த பாடத் திட்டத்தில் இந்த வரி இல்லை.

ஆக அக்கா, உங்களிடம் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் தொட்டி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டி. ஒரே டீச்சர் ஆறேழு பேரைச் சமாளிக்கலாம், செலவில்லை, தரை நனையும் அவ்வளவுதான். ஹெல்ப்பர் லீவு போடாத வாரமாக இருந்தால் அம்மி. ஹெல்ப்பர் இல்லாமல் அம்மியைத் தொடாதீர்கள். ஐந்து நாளும் கிடைத்தால் முதல் இரண்டு நாள் தொட்டியும் 'என்ர கல்லு'வும், மூன்றாம் நாள் கிண்ணத்தில் வெட்டுகல், நான்காம் நாள் அம்மி, ஐந்தாம் நாள் வாசற்படியில் தண்ணீர்ப் படம். பெயின்ட் வேண்டும் என்று யாராவது நின்றால் அதே ஐந்தாம் நாள் மத்தியானம். கிட் வேண்டவே வேண்டாம்; அந்தக் காசுக்கு ஓர் அம்மியைக் கொத்தி, டப்பும் வாங்கி, டீயும் குடிக்கலாம்.

இதெல்லாம் சிலபஸில் இருக்கிறதா என்று ஒரு அப்பா என்னைக் கேட்டார். இருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமே 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகத்தான் படிக்க வேண்டும் என்கிறது. அதைச் சொன்னதும் அவர் அடங்கினார். அவர் மகன்தான் மூச்சு விடுகிற கல்லைக் கண்டுபிடித்தவன் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

அக்காவிடம் அம்மி இருக்கிறதா என்று கேட்டேன். அங்கன்வாடிக்குப் பின்னால் குழாயடியில் ஒன்று குப்புறக் கிடக்கிறதாம், அதன் மேல்தான் துணி துவைக்கிறார்களாம். புரட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கீழே தேள் இருக்கும், கம்பியால் நெம்பிப் புரட்டுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.